முதலாவது மேர்ஜ் ஆனது, இரண்டாவது உடைந்தது: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் கேள்விகள் வேறுவேறு, கரைச்சல் ஒன்றுதான். ஒரு கோட் மாற்றம் இன்னொன்றை நம்பி நிற்கிறது, முதலாவது ரிவியூவில் கிடக்கிறது, இரண்டாவதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், மற்றவர்கள் கோபிக்க வேண்டாம். புதியவர்களுக்கு ஒரு வார்த்தை: கோட்டின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி கிட், ஒரு பதிவு கொமிட், தனியாகப் பிரிந்து போகிற வேலை வரிசை பிராஞ்ச், எல்லாரும் பாவிக்கிற பிரதான பிராஞ்ச் மெயின் (சில இடங்களில் மாஸ்டர்), அதில் கொண்டுபோய்ச் சேர்ப்பது மேர்ஜ், அதற்கு முன் மற்றவர் வாசித்துப் பார்ப்பது ரிவியூ, அதைக் கேட்டு அனுப்புவது புல் ரிக்குவெஸ்ட், ஒரு பிராஞ்சின் கொமிட்டுகளை இன்னோர் இடத்தின் மேல் திரும்ப அடுக்குவது ரீபேஸ், கோட் முழுவதையும் வைத்திருக்கும் களஞ்சியம் றிப்போ.

கேள்வி (ஒரு வாசகி, கொக்குவில்): அண்ணா, நான் இங்கே வீட்டில் இருந்தபடி ரொறன்ரோவில் இருக்கிற ஒரு குழுவோடு வேலை செய்கிறேன். நான் புல் ரிக்குவெஸ்ட் போட்டு அவர்கள் அதைப் பார்க்கும்போது எனக்கு நித்திரை நேரம். சும்மா இருக்க மனமில்லாமல் முதலாவது பிராஞ்சின் மேலேயே இரண்டாவதைத் தொடங்கினேன், அதன் மேல் மூன்றாவது. முதலாவது தரவுத்தள அட்டவணை, இரண்டாவது திரைக்குத் தரவைக் கொடுக்கிற ஏபிஐ, மூன்றாவது திரை. முதலாவதை ஒத்துக்கொண்டு ஸ்குவாஷ் மேர்ஜ் செய்தார்கள். அடுத்த நாள் பார்த்தால் இரண்டாவதில் முதலாவதின் கொமிட்டுகள் எல்லாம் திரும்ப வந்து நிற்கின்றன, ரீபேஸ் செய்தால் நான் எழுதிய கோட்டோடு நானே மோதுகிறேன். என்ன பிழை விட்டேன்?

பிழை உங்களில் இல்லை தங்கச்சி, கிட்டிலும் இல்லை. ஸ்குவாஷ் மேர்ஜ் என்ன செய்கிறது என்று விளங்கினால் மிச்சம் தானாக விளங்கும். உங்கள் முதலாவது பிராஞ்சில் நான்கைந்து கொமிட்டுகள் இருந்திருக்கும். ஸ்குவாஷ் செய்யும்போது அவற்றை மெயினில் அப்படியே வைப்பதில்லை, எல்லாவற்றையும் சேர்த்துப் புதிதாக ஒரே ஒரு கொமிட் செய்து அதைத்தான் வைக்கிறார்கள். ஒரு கொமிட்டின் அடையாள எண்ணான ஹாஷ் அதன் உள்ளடக்கம், தாய்க் கொமிட், எழுதியவர், நேரம், செய்தி எல்லாவற்றிலும் இருந்து கணக்கிடப்படுவது, அதனால் புதிய கொமிட்டுக்கும் உங்கள் பழையவற்றுக்கும் கிட்டின் கண்ணில் ஓர் உறவும் கிடையாது. உங்கள் இரண்டாவது பிராஞ்சோ இன்னும் அந்தப் பழையவற்றின் மேல்தான் நிற்கிறது. ரீபேஸ் செய்யச் சொன்னால் கிட் அவை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மெயினின் மேல் திரும்பப் போட்டுப் பார்க்கிறது, அங்கே அதே வரிகளின் கடைசி வடிவம் ஏற்கெனவே இருக்கிறது, மோதுகிறது. முதலாவதில் ஒரே ஒரு கொமிட் இருந்திருந்தால் பெரும்பாலும் இந்தக் கரைச்சல் வந்திராது, ஏனென்றால் அதே மாற்றம் மெயினில் இருக்கிறது என்று ரீபேஸ் கண்டுபிடித்து அதைத் தாண்டிவிடும்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். ரீபேஸ் கட்டளைக்கு ஒன்டு என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதற்கு மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: எங்கே கொண்டுபோய் வைப்பது, எதற்குப் பிறகு இருந்து எடுப்பது, எந்தப் பிராஞ்ச். உங்கள் பிராஞ்சுகளின் பெயர் அட்டவணை, ஏபிஐ, திரை என்று வைத்துக்கொள்வோம். மெயினைப் புதுப்பித்துவிட்டு ‘கிட் ரீபேஸ் --ஒன்டு மெயின் அட்டவணை ஏபிஐ’ என்றால், அட்டவணைப் பிராஞ்சில் இருந்தவற்றை விட்டுவிட்டு, அதற்கு மேல் நீங்கள் எழுதியதை மட்டும் மெயினில் கொண்டுபோய் வைக்கும். உங்களிடம் மூன்று அடுக்கு இருப்பதால் இன்னும் சுகமான வழி உண்டு: கடைசிப் பெயராக ஏபிஐக்குப் பதில் திரையைக் கொடுத்து, கூடவே ‘--அப்டேட்-ரெஃப்ஸ்’ என்று சேர்த்துவிட்டால் நடுவில் இருக்கிற ஏபிஐ பிராஞ்சும் தானாக நகரும். இது 2022 ஒக்டோபரில் வந்த கிட் 2.38 பதிப்பில்தான் சேர்ந்தது, அதனால் முதலில் உங்கள் பதிப்பைப் பாருங்கள். பிறகு இரண்டு பிராஞ்சையும் ‘--ஃபோர்ஸ்-வித்-லீஸ்’ போட்டுத் தள்ளுங்கள். வெறும் ஃபோர்ஸ் வேண்டாம், நீங்கள் நித்திரை கொள்ளும்போது ரொறன்ரோக்காரர் யாராவது உங்கள் பிராஞ்சில் ஒரு எழுத்துப் பிழை திருத்தியிருந்தால் அது சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போய்விடும்.

அட்டவணைப் பிராஞ்சை உங்கள் கணினியில் ஏற்கெனவே அழித்துவிட்டீர்களென்றால் அதன் கடைசி ஹாஷ் அந்த மூடிய புல் ரிக்குவெஸ்ட் பக்கத்திலேயே இருக்கும், பெயருக்குப் பதில் அதைக் கொடுக்கலாம்.

இரண்டாவது புல் ரிக்குவெஸ்டைத் திறக்கும்போது அதன் அடித்தளமாக மெயினைக் கொடுத்தீர்களா, அட்டவணைப் பிராஞ்சைக் கொடுத்தீர்களா என்று எழுதவில்லை. அட்டவணையைத்தான் கொடுக்க வேண்டும், அப்போதுதான் ரிவியூ செய்பவருக்கு இரண்டாவதின் மாற்றம் மட்டும் தெரியும், முதலாவதையும் சேர்த்து இரண்டு தரம் வாசிக்க வேண்டி வராது. முதலாவது மேர்ஜ் ஆகி அந்தப் பிராஞ்ச் அழிக்கப்பட்டால், றிப்போவை வைத்து ரிவியூ நடத்துகிற தளமான கிட்ஹப் இரண்டாவதின் அடித்தளத்தைத் தானே மெயினுக்கு மாற்றும். மாற்றுவது அடித்தளத்தின் பெயரை மட்டும்தான், உங்கள் கொமிட்டுகளைத் தொடாது. பழையவை எல்லாம் திரும்ப வந்து நிற்கிறது என்று நீங்கள் சொன்னது அந்த இடம்தான்.

இதெல்லாம் வைத்தியம். எனக்குச் சொல்ல இருப்பது வேறு. நீங்கள் எழுதிய வரிசை வேறு, கோட்டுக்குத் தேவையான வரிசை வேறு. ஏபிஐக்கு அட்டவணை வேண்டும், சரி. திரைக்கு ஏபிஐயின் கோட் வேண்டுமா, அல்லது ஏபிஐ என்ன பதில் அனுப்பும் என்ற உடன்பாடு மட்டும் போதுமா? உடன்பாடு போதுமென்றால் திரையை நேரே மெயினில் இருந்து தொடங்கி, பொய்த்தரவு வைத்து எழுதி, பாவனையாளர் கண்ணில் படாமல் ஒரு சுவிட்சின் பின்னால் மறைத்துத் தனியாகவே அனுப்பலாம். மூன்றடுக்கு இரண்டாகிவிடும், திரைக்காரர் திரையைப் பார்ப்பார், சேர்வர்காரர் மற்றதைப் பார்ப்பார். பின்னேரம் ஆறு மணிக்கு எந்தப் பிராஞ்ச் கையில் திறந்திருந்ததோ அதன் மேலேயே தொடங்குவதால் உண்டாகிற சார்புதான் நான் பார்த்தவற்றில் அதிகம். புதிய பிராஞ்ச் தொடங்க முன் இதற்கு உண்மையிலேயே மற்றது வேண்டுமா என்று ஒருக்கா யோசியுங்கள்.

இன்னொன்று, நேர வித்தியாசம். ரொறன்ரோவில் காலை 9 மணி என்றால் இங்கே அவர்களின் கோடையில் பின்னேரம் 6.30, குளிர்காலத்தில் இரவு 7.30. அவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தால் கேட்டுப் பதில் வாங்க ஒரு நாள் போய்விடும். அதனால் ஒவ்வொன்றின் விளக்கத்திலும் முதல் இரண்டு வரியிலேயே எழுதுங்கள்: இது மூன்றில் இரண்டாவது, இன்ன மாற்றத்தின் மேல் நிற்கிறது, அது மேர்ஜ் ஆக முன் இதை மேர்ஜ் செய்ய வேண்டாம், இதில் பார்க்க வேண்டியது இன்ன இரண்டு கோப்பு. இணைப்பையும் போட்டுவிடுங்கள். சற் குழுவில் சொன்னது கணக்கில் வராது, மேர்ஜ் பொத்தானை அமத்துகிற ஆள் சற்றைத் தேடிப் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டார்.

கேள்வி (குழுத் தலைவர் ஒருவர், சாவகச்சேரி): என்னோடு வேலை செய்கிற பிள்ளைகள் ஐந்து மாற்றங்களைத் தொடராக அனுப்புகிறார்கள். முதலாவதில் ஒரு பிழை காட்டினால் அதை ஐந்தாவதில் திருத்திவிட்டு “திருத்தியாச்சு அண்ணா” என்கிறார்கள். கடைசியில் எல்லாம் சரியாக வருகிறது என்பதால் நானும் விட்டுவிடுகிறேன். விடலாமா?

விட வேண்டாம். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கேர்னலுக்குத் திருத்தம் அனுப்புவது எப்படி என்று அவர்களின் ஆவணத்தில் ஒரு விதி இருக்கிறது: தொடரில் ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் கேர்னல் சரியாகக் கட்டப்பட்டு ஓட வேண்டும், தொடரின் முடிவில் மட்டும் சரியாக இருந்தால் போதாது. ஏனென்றால் ஆறு மாதம் கழித்து ஒருவர் ஒரு வழு எந்தக் கொமிட்டில் புகுந்தது என்று தேடி கிட்டின் பைசெக்ட் கட்டளையை ஓட்டுவார். பைசெக்ட் கொமிட்டுகளைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டு போகும், ஆயிரம் கொமிட் இருந்தாலும் ஏறக்குறைய பத்துத் தரம் பார்த்தால் ஆளைப் பிடித்துவிடும். நடுவில் கட்டவே முடியாத ஒரு கொமிட்டில் போய் விழுந்தால் அங்கே வழு இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியாது, தாண்டித் தாண்டிப் போய்க் கடைசியில் இந்த நாலில் ஏதோ ஒன்று என்றுதான் சொல்லும். உங்கள் பிள்ளைகள் முதலாவதில் விட்டு ஐந்தாவதில் திருத்திய பிழை அந்த மாதிரி ஒரு குழி.

செய்கிற வழி அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், காட்டிக்கொடுங்கள். திருத்தத்தை ‘கொமிட் --ஃபிக்ஸ்அப்’ என்று, எந்தக் கொமிட்டுக்கு உரியது என்று சொல்லிப் போட்டால், பிறகு ரீபேஸ் செய்யும்போது ‘--ஓட்டோஸ்குவாஷ்’ அதை உரிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கையால் வரிசை மாற்றி மினக்கெடத் தேவையில்லை.

உங்கள் பக்கத்திலும் ஒரு கரைச்சல் வரும். அவர்கள் தொடரைத் திருத்தி எழுதித் தள்ளினால் நீங்கள் ஏற்கெனவே பார்த்ததில் என்ன மாறியது என்று தெரியாது, முழுவதையும் திரும்ப வாசிக்க வேண்டும் போலத் தோன்றும். அதற்குத்தான் ரேஞ்ச்-டிஃப் இருக்கிறது, 2018 இல் கிட் 2.19 இல் வந்தது. தொடரின் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் கொடுத்தால் கொமிட்டுக்குக் கொமிட் சோடி சேர்த்து வித்தியாசத்தை மட்டும் காட்டும். வெளியீடு பார்க்க அவ்வளவு வடிவாக இராது, வித்தியாசத்துக்குள் வித்தியாசம் என்பதால் முதல் நாள் தலை சுற்றும். பழகிவிடும்.

வாசிக்கிற வரிசையும் முக்கியம். நான் மேலே இருந்து ஒருக்கா வேகமாகப் பார்ப்பேன், இவர்கள் எங்கே போக நினைக்கிறார்கள் என்று தெரிய. பிறகு கீழே இருந்து ஒவ்வொன்றாக, கருத்தும் ஒப்புதலும் அந்த வரிசையில்தான். கீழே இரண்டும் சரியாக இருந்து மூன்றாவதில் வாக்குவாதம் என்றால் அந்த இரண்டையும் உள்ளே விட்டுவிடுங்கள், மேலே உள்ள சண்டைக்காகக் கீழே உள்ளது காத்துக் கிடந்தால் ஒவ்வொரு நாளும் மெயின் நகர நகர ரீபேஸ் வேலை கூடிக்கொண்டே போகும். ஒரு விதிவிலக்கு: கீழே உள்ளது தனியாக உள்ளே போனால் ஒன்றுக்கும் உதவாத அரைகுறை வாசலைத் திறந்து வைக்கும் என்றால் பொறுங்கள். பெயர் மாற்றம், கோப்பு இடமாற்றம், டெஸ்ட் சேர்த்தது மாதிரியானவை என்றால் யோசிக்கவே வேண்டாம்.

கேள்வி (பெயர் எழுதவில்லை, மானிப்பாய்): ஒரு தொடரில் அதிகம் எத்தனை இருக்கலாம்?

மூன்று நான்குக்கு மேல் போனால் எனக்கே வாசிக்க அலுப்பு. கேர்னல்காரர் தங்கள் ஆவணத்தில் ஒரு முறைக்குப் பதினைந்து அளவில் போதும் என்கிறார்கள், அதில் ஊறிய ஆக்களுக்கு அது சரி. எண்ணிக்கையைவிட எப்படி வெட்டினீர்கள் என்பதைப் பாருங்கள். கோப்புக் கோப்பாக வெட்டினால் ஒன்றும் தனியாக ஓடாது, பெரிய மாற்றத்தை விடக் கேடு. “வேகமாகப் பார்க்கட்டும் என்று எட்டாகப் பிரித்தேன்” என்று ஒருவர் சொன்னால் எட்டில் ஒன்றைத் தனியாகக் கட்டி டெஸ்ட் ஓட்டச் சொல்லுங்கள், தெரிந்துவிடும்.

கேள்வி (மாணவர் ஒருவர், திருநெல்வேலி): அண்ணா, கம்பஸில் படித்துக்கொண்டு, விக்கிப்பீடியாவை ஓட்டுகிற மென்பொருளான மீடியாவிக்கிக்கு சின்னச் சின்னத் திருத்தம் அனுப்பத் தொடங்கியிருக்கிறேன். அவர்கள் பாவிப்பது கெரிட் என்ற ரிவியூ கருவி. இரண்டு தனித்தனித் திருத்தம் அனுப்பினேன், ஆனால் இரண்டாவது முதலாவதோடு சங்கிலியாக நிற்கிறது. இரண்டாவதைத் திருத்தித் தள்ளும்போது முதலாவதும் புதிய பட்ச்செட் ஆகிறது, ரிவியூ செய்தவர் “ஏன் மாற்றினாய்” என்று கேட்கிறார். நான் அதைத் தொடவே இல்லை.

நல்ல வேலை தம்பி. ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்து வைத்திருக்கிற எங்கள் ‘நூலகம்’ தளமே மீடியாவிக்கியில்தான் ஓடுகிறது, நீங்கள் அங்கே திருத்துகிற ஒரு வரி சுற்றிவளைத்து இங்கேயும் வந்து சேரும்.

கிட்ஹப் பழகிவிட்டுக் கெரிட்டுக்குப் போகிற எல்லாரும் முதலில் விழுகிற இடம் இது. கிட்ஹப்பில் ஒரு பிராஞ்ச் ஒரு ரிவியூ. கெரிட்டில் ஒவ்வொரு கொமிட்டும் ஒரு ரிவியூ. நீங்கள் முதலாவது கொமிட் இருந்த இடத்தில் இருந்தே இரண்டாவதை எழுதியிருக்கிறீர்கள், அதனால் முதலாவது இரண்டாவதின் தாய்க் கொமிட் ஆகிவிட்டது. நீங்கள் நினைத்தீர்களோ இல்லையோ, கெரிட்டுக்கு அது சார்புதான்: முதலாவது உள்ளே போகத் தகுதி பெறாமல் இரண்டாவது போகாது, அதற்கு எத்தனை பேர் +2 என்ற முழு ஒப்புதல் ஓட்டைப் போட்டிருந்தாலும்.

முதலாவது ஏன் தானாக மாறியது என்றால், இரண்டாவதைத் திருத்துகிற சாட்டில் முழுச் சங்கிலியையும் புதிய மாஸ்டரின் மேல் ரீபேஸ் செய்திருப்பீர்கள். செய்தவுடன் முதலாவதின் ஹாஷும் மாறும். ஆனால் கொமிட் செய்தியின் அடியில் சேஞ்ச்-ஐடி என்று ஐ எழுத்தில் தொடங்கும் ஒரு நீள வரி இருக்கிறதே, அது மாறாது. கெரிட் அந்த வரியைப் பார்த்துத்தான் இது பழைய மாற்றத்தின் புதிய வடிவம் என்று கண்டுபிடிக்கிறது. ஹாஷ் வேறு, ஐடி அதே, எனவே புதிய பட்ச்செட். தானியங்கி டெஸ்ட் திரும்ப ஓடும், அமைப்பைப் பொறுத்துப் போட்ட ஓட்டும் சிலவேளை விழுந்துவிடும். ரிவியூ செய்தவருக்கு எரிச்சல் வருவதில் நியாயம் இருக்கிறது. இரண்டாவதை மட்டும் திருத்த வேண்டுமென்றால் அந்தக் கொமிட்டை மட்டும் அமெண்ட் செய்து, அதாவது புதிதாக ஒன்று போடாமல் அதையே திருத்தி, தள்ளுங்கள், கீழே உள்ளதன் ஹாஷ் மாறாத வரை கெரிட் அதைத் தொடாது.

உங்கள் இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்கிறீர்கள், அப்படியென்றால் சங்கிலியை அறுத்துவிடலாம். இரண்டாவதை மட்டும் மாஸ்டரின் மேல் ரீபேஸ் செய்து தள்ளுங்கள், சேஞ்ச்-ஐடி அதே என்பதால் பழைய கருத்துகள் எல்லாம் அந்தப் பக்கத்திலேயே இருக்கும். இனிமேல் தொடர்பில்லாத வேலைக்குத் தனிப் பிராஞ்சை மாஸ்டரில் இருந்து தொடங்குங்கள். தொடர்பு இருக்கிறது ஆனால் வரிசை முக்கியமில்லை என்றால் இரண்டுக்கும் ஒரே டொப்பிக் பெயரைக் கொடுங்கள். டொப்பிக் சாதாரணமாக ஒரு அடையாளச் சீட்டுத்தான், முழு டொப்பிக்கையும் ஒன்றாக உள்ளே விடுகிற மாதிரி சேர்வரை அமைத்திருந்தால் ஒழிய அது எதையும் தடுக்காது.

இரண்டும் வேறுவேறு றிப்போவில் இருந்தால் தாய்க் கொமிட் உறவு வைக்க முடியாது. அதற்கு விக்கிமீடியாவில் கொமிட் செய்தியின் அடியில் டிபெண்ட்ஸ்-ஒன் என்று ஒரு வரி எழுதி மற்ற மாற்றத்தைக் குறிப்பிடுவார்கள். ஓப்பன்ஸ்டாக் திட்டத்துக்காக எழுதப்பட்ட ஸூல் என்ற கருவி அதை வாசித்து, இரண்டையும் சேர்த்து வைத்து டெஸ்ட் ஓட்டும், மற்றது உள்ளே போக முன் இதை விடாது. வெறும் எழுத்து வரிதான், ஆனால் எந்திரம் வாசிக்கிறது என்பதால் ஒருவரும் மறக்க முடியாது.

இடையில் ஒரு பகிடி: கெரிட் என்பது ஒரு தளபாடக்காரரின் பெயர். பைத்தனை உருவாக்கிய கைடோ வான் ரொஸம் தான் எழுதிய ரிவியூ கருவிக்கு ரீட்வெல்ட் என்று தன் நாட்டு நெதர்லாந்து வடிவமைப்பாளரின் குடும்பப் பெயரை வைத்தார். அன்ட்ரொய்டுக்காக அதில் இருந்து பிரித்து எடுத்ததற்கு அதே மனிதரின் முதற்பெயரை வைத்துவிட்டார்கள். சிவப்பு நீலக் கதிரை செய்த ஆள். பிறகு அதை ஜாவாவில் முழுதாகத் திரும்ப எழுதினார்கள், பெயர் மட்டும் நின்றது.

கேள்வி (இருவர் சேர்ந்து எழுதியது, நெல்லியடி): நாங்கள் சின்ன கொம்பனி. சேர்வர் ஒரு றிப்போ, கைபேசிச் செயலி இன்னொன்று. வாடிக்கையாளருக்கு ஒரு தொலைபேசி இலக்கம் என்று இருந்ததைப் பல இலக்கம் என்று மாற்றினோம். செயலியின் மாற்றம் முதலில் மேர்ஜ் ஆகிவிட்டது, சேர்வருடையது ரிவியூவில் நின்றுவிட்டது, செயலி விழுந்து பெரிய சத்தம். இரண்டையும் ஒரே நேரத்தில் மேர்ஜ் செய்ய வழி இருக்கிறதா?

இருந்தாலும் உங்களுக்கு உதவாது. ஒரே நொடியில் மேர்ஜ் செய்தாலும் ஒரே நொடியில் போய்ச் சேராது. சேர்வரை நீங்கள் பத்து நிமிடத்தில் ஏற்றிவிடுவீர்கள். செயலி கடைக்குப் போய், அங்கே பார்த்து விட்டு, பிறகு ஆக்கள் அப்டேட் செய்ய வேண்டும். கைபேசியில் இடமில்லை, டேட்டா முடிந்துவிட்டது என்று பழைய பதிப்போடேயே மாதக் கணக்கில் இருக்கிற ஆக்கள் எங்கேயும் உண்டு, உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள். நீங்கள் கேட்பது மேர்ஜ் வரிசையைப் பற்றி, உங்களைக் கடித்தது வெளியீட்டு வரிசை. கிட்ஹப் மாதிரி இன்னொரு தளமான கிட்லாப்பின் காசு கட்டும் பதிப்பில் ஒரு மேர்ஜ் ரிக்குவெஸ்டை இன்னொன்று தடுக்கிற மாதிரி வைக்கலாம், வேறு றிப்போவாக இருந்தாலும். ஸூல் பற்றி மேலே சொன்னேன். அவை எல்லாம் மேர்ஜ் வரிசைக்கு மட்டும்தான் காவல்.

உங்களுக்கு வேண்டியது சார்பைக் காவல் காப்பதில்லை, இல்லாமல் ஆக்குவது. முதலில் சேர்வர் ஒற்றை இலக்கம் இருந்த பழைய புலத்தையும் அனுப்பட்டும், புதிய பட்டியலையும் அனுப்பட்டும். பழைய புலத்தில் பட்டியலின் முதல் இலக்கம். பழைய செயலிக்கு ஒன்றும் தெரியாது, அது தன்பாட்டில் ஓடும். பிறகு செயலியில், பட்டியல் வந்தால் அதை எடு, வராவிட்டால் பழைய புலத்தை எடு என்று எழுதுங்கள். இப்போது பாருங்கள், இப்படி எழுதிய செயலி சேர்வர் மாற்றத்தை நம்பி நிற்கவே இல்லை. எது முன்னால் போனாலும் விழாது. இரண்டையும் இரண்டு பேர் இரண்டு நாளில் ரிவியூ செய்து தங்கள் பாட்டில் மேர்ஜ் செய்யலாம், ஒருவரை ஒருவர் தேடத் தேவையில்லை. செயலி தரவை அனுப்புகிற பக்கத்தையும் மறக்க வேண்டாம்: சேர்வர் இரண்டு வடிவத்தையும் வாங்கப் பழகும் வரை செயலி புதிய வடிவத்தில் அனுப்பக் கூடாது. அந்த ஒரு இடத்தில் மட்டும் உண்மையான சார்பு இருக்கிறது, அதையும் பல இலக்கம் சேர்க்கிற திரையை ஒரு சுவிட்சின் பின்னால் வைத்து, சேர்வர் சம்மதம் சொன்னால் மட்டும் காட்டு என்று செய்துவிடலாம்.

கடைசியில் பழைய புலத்தை எடுப்பது. இது மற்ற இரண்டையும் நம்பி நிற்கிறது, அதற்கு மேல் வாடிக்கையாளர் கைபேசியையும் நம்பி நிற்கிறது. எந்தப் பதிப்புகள் இன்னும் வந்து போகின்றன என்று சேர்வர் பதிவில் பார்த்து, பழையவை நின்ற பிறகுதான் செய்ய வேண்டும். ஆனால் இதை ஒருவரும் செய்வதில்லை, அடுத்த வேலை வந்துவிடும், ஐந்து வருடம் கழித்து ஒரு புதுப் பிள்ளை வந்து “ஏன் இலக்கம் இரண்டு இடத்தில் இருக்கிறது” என்று கேட்கும். முதலாவதை மேர்ஜ் செய்கிற அன்றே கடைசியானதற்கும் ஒரு வேலைச் சீட்டுத் திறந்து ஒருவர் பெயரைப் போட்டுவிடுங்கள்.

தரவுத்தளத்தில் நிரலின் (கொலம்) பெயரை மாற்றுவதும் இதே கதை. புதிய நிரலைச் சேர், இரண்டிலும் எழுது, பழைய வரிசைகளைப் பிரதி எடு, புதியதில் இருந்து வாசி, பழையதில் எழுதுவதை நிறுத்து, பிறகு அழி. “ஒரு பெயர் மாற்றத்துக்கு இவ்வளவா” என்று கேட்பீர்கள். சேர்வர் ஒன்று மட்டும், நள்ளிரவில் நிறுத்தி ஏற்றலாம் என்றால் தேவையில்லை, ஒரே மாற்றமாகச் செய்துவிடுங்கள். நிறுத்த முடியாதென்றால் ஏற்றுகிற அந்த நேரத்தில் பழைய கோட்டும் புதிய கோட்டும் ஒரே தரவுத்தளத்தில் ஒன்றாக ஓடும், அப்போது வேறு வழியில்லை.

கேள்வி (வாசகர் ஒருவர், பருத்தித்துறை): ஏ மாற்றத்துக்கு பி வேண்டும், பிக்கு ஏ வேண்டும். எதை முதலில் அனுப்புவது?

ஒரே றிப்போ என்றால் இரண்டையும் ஒன்றாக்கி ஒரே மாற்றமாக அனுப்புங்கள், அவை பிரிக்கக் கூடாத இடத்தில் பிரிக்கப்பட்டவை. வேறு றிப்போ என்றால் இரண்டும் பொதுவாக நம்பி நிற்கிற ஒன்று உள்ளே ஒளிந்திருக்கும், அநேகமாக ஒரு இடைமுகம் அல்லது ஒரு தரவு வடிவம். அதை வெளியே எடுத்துச் சின்னதாக முதலில் அனுப்புங்கள், மற்ற இரண்டும் அதன் மேல் நிற்கட்டும்.

கேள்வி (வாசகி, வேலணை): மூன்று பிராஞ்சை ஒன்றாக ரீபேஸ் செய்துகொண்டிருக்கும்போது கரண்ட் நின்றுவிட்டது. திரும்ப வந்து பார்த்தால் எந்தப் பிராஞ்சிலும் இல்லாமல் நடுவில் நிற்கிறது. எல்லாம் போய்விட்டதா?

ஒன்றும் போகவில்லை. ‘கிட் ஸ்டேட்டஸ்’ போட்டுப் பாருங்கள், ரீபேஸ் நடுவில் இருக்கிறது என்று அதுவே சொல்லும். குழப்பமாக இருந்தால் ‘ரீபேஸ் --அபோர்ட்’, தொடங்க முன் இருந்த நிலைக்குப் போய்விடும். அப்டேட்-ரெஃப்ஸ் போட்டிருந்தாலும் பயமில்லை, மற்றப் பிராஞ்சுகளை அது கடைசியில்தான் நகர்த்தும். அபோர்ட்டும் சரிவரவில்லை என்றால் ரெஃப்லொக் இருக்கிறது: பிராஞ்சின் முனை எங்கே எங்கே நின்றது என்ற வரலாறு, மாற்றாமல் விட்டால் 90 நாள் வரை வைத்திருக்கும், பிராஞ்சில் இருந்து கழன்றுபோன கொமிட்டுகளுக்கு 30 நாள். பழைய ஹாஷைப் பார்த்துப் பிராஞ்சை அங்கே திரும்ப வைத்துவிடலாம். இன்னும் கொமிட் செய்யாமல் கையில் வைத்திருந்த மாற்றத்துக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை, அதனால் ரீபேஸ் தொடங்க முன் எல்லாவற்றையும் கொமிட் செய்து சேர்வருக்கும் ஒரு பிரதி தள்ளிவிடுங்கள்.

கேள்வி (வாசகர் ஒருவர், சுன்னாகம்): இந்தச் சங்கிலி வேலைக்கென்று தனிக் கருவிகள் வருகின்றனவே, வாங்கலாமா?

குழுவில் கிழமைக்குக் கிழமை தொடராக அனுப்புகிறீர்கள் என்றால் பாருங்கள், இல்லையென்றால் மேலே சொன்ன கட்டளைகள் போதும். கிராஃபைட் கிட்ஹப்பின் மேல் அடுக்குகளைக் காட்டும். மெட்டா தங்கள் வீட்டுக்குள் பாவித்த சாப்லிங்கை 2022 நவம்பரில் திறந்த மூலமாக வெளியிட்டது. எனக்குப் பிடித்தது ஜுஜுட்சு: கிட் றிப்போவின் மேலேயே ஓடும், கீழே உள்ள மாற்றத்தைத் திருத்தினால் மேலே உள்ளவற்றைத் தானே நகர்த்திவிடும், கெரிட் மாதிரி ஒவ்வொரு மாற்றத்துக்கும் மாறாத ஓர் அடையாளம் வைத்திருக்கும். உங்களோடு வேலை செய்கிறவர்கள் கிட்டிலேயே இருக்கலாம், அவர்களுக்குத் தெரியவே வராது. ஆனால் ஒரு கருவியில் முழுக்கச் சாய்ந்துவிட வேண்டாம். பேஸ்புக்கில் பிறந்த ஃபாப்ரிகேட்டர் இந்த வேலையைப் பல வருடம் வடிவாகச் செய்தது, 2021 ஜூனோடு பராமரிப்பு நின்றுவிட்டது, அதை நம்பியிருந்த குழுக்கள் பெட்டி படுக்கையைக் கட்ட வேண்டியதாயிற்று.

கேள்வி (அதே சுன்னாகம் வாசகர்): நான் முதலாவதின் மேல் நான்கு எழுதிய பிறகு முதலாவதையே வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

அதுதான் தொடரில் உள்ள உண்மையான ஆபத்து, மோதல் எல்லாம் அதற்குப் பிறகுதான். கீழே இருப்பது அதிகம் வாக்குவாதம் வரக்கூடியது என்றால், மேலே ஒரு வரி எழுத முன் அதை மட்டும் வரைவாக, டெஸ்ட் கூட இல்லாமல், “இந்த வழி சரியா” என்று கேட்டு அனுப்புங்கள். பதில் வரும்வரை அதைச் சாராத வேறு வேலை பாருங்கள், எல்லாக் குழுவிலும் ஒருவரும் தொடாமல் கிடக்கிற டெஸ்ட் வேலை கட்டாயம் இருக்கும். ஏற்கெனவே எழுதிவிட்டீர்கள், வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள் என்றால் நான்கையும் தூக்கி எறிய வேண்டாம். ஒவ்வொன்றாகச் செரி-பிக் செய்து, அதாவது அந்தக் கொமிட்டை மட்டும் பிரதி எடுத்து, மெயினில் வைத்துப் பாருங்கள். முதலாவது இல்லாமலே ஒன்றிரண்டு கட்டுப்பட்டு டெஸ்டும் ஓடினால் அவை சங்கிலியில் இருந்திருக்கத் தேவையில்லாதவை, அன்றைக்கே தனியாக அனுப்பிவிடுங்கள்.